ரொனால்ட் ஸ்டீவன்சனை நினைவுகூர ஒரு மார்ச் மாதம்: புதிதாகக் கேட்பவர்களுக்கான வழிகாட்டி

பிரிட்டனின் இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ரொனால்ட் ஸ்டீவன்சன் 1928 மார்ச் 6 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பிளாக்பர்ன் என்ற நூற்பாலை நகரத்தில் பிறந்து, 2015 மார்ச் 28 அன்று தமது 87ஆம் வயதில் மறைந்தார். பிறந்த நாளுக்கும் மறைந்த நாளுக்கும் இடையே 22 நாள்தான். அவருடைய இசையை இதுவரை கேட்டிராத ஒருவர் அவரை நினைவுகூர விரும்பினால், ஆண்டுதோறும் வரும் இந்த மூன்று வாரங்களே போதுமானவை என்பதை இரண்டு மார்ச் மாதங்களில் செய்து பார்த்து உணர்ந்திருக்கிறேன். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பயிற்சி இல்லாதவரும், பியானோவைத் தொட்டுப் பார்த்திராதவரும் இதைப் பின்பற்றலாம். சேர வேண்டிய இடம் ஒன்றே. அவர் பியானோவுக்காக எழுதிய, ஏறக்குறைய 80 நிமிடம் இடைவெளியின்றி நீளும் 'டி-எஸ்-சி-எச் மீதான பாசகாலியா' என்ற படைப்பை ஒரே அமர்வில் முழுமையாகக் கேட்பதுதான் அது. அதை நேரடியாகக் கேட்க முயன்றவர்களில் பெரும்பாலோர் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நிறுத்தினேன். ஆகவே படிப்படியாகப் போவோம்.

முதலில், யாரை நினைவுகூர்கிறோம்

ஸ்காட்லாந்து வழி வந்த தந்தைக்கும் வேல்ஸ் வழி வந்த தாய்க்கும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஸ்டீவன்சன், மான்செஸ்டரில் இருந்த ராயல் மான்செஸ்டர் இசைக் கல்லூரியில் பியானோ பயின்றார். அக்காலத்தில் பிரிட்டனில் இளைஞர்களுக்குக் கட்டாயமாக இருந்த இராணுவப் பணியை, போரை ஏற்காத மனச்சாட்சியின் காரணமாக மறுத்துச் சிறைக்குப் போனார். இந்தச் செய்தியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக எண்ணிக் கடந்துவிட வேண்டாம். பாசகாலியாவின் நடுவில் போரின் காட்சி வரும்போதும், இறுதியில் நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர்களுக்கான அஞ்சலி வரும்போதும், அதை எழுதிய கை எத்தகைய மனிதருடையது என்பது நினைவில் இருந்தால் கேட்பதே வேறாகிவிடும். 1950களில் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்து, எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள வெஸ்ட் லின்டன் என்ற சிற்றூரில் வாழ்நாளின் மீதியைக் கழித்தார். 1955இல் ரோமில் சிறிது காலம் பயின்றார். 1960களில் சில ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

பியானோ கலைஞரே இசையமைப்பாளராகவும் இருப்பது லிஸ்ட், புசோனி போன்ற பியானோ மேதைகளின் காலத்தில் இயல்பாக இருந்து, இருபதாம் நூற்றாண்டில் அருகிப்போன வழக்கம். தாம் வணங்கிய புசோனியின் வழியைப் பின்பற்றி அதை விடாமல் காத்தவர்களில் ஸ்டீவன்சன் முக்கியமானவர். விரல்களுக்குத் தெரிந்ததைத்தான் அவர் எழுதினார்.

இரண்டாவது, கருவியைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இது சலிப்பூட்டும் படிதான் என்றாலும் தவிர்க்க முடியாதது. பாசகாலியா என்பது மந்திர ஸ்தாயியில், அதாவது பியானோவின் இடக்கைப் பக்கத்தில், ஒரே தாழ்ந்த வரி திரும்பத் திரும்ப வர, அதன்மேல் மற்றவை எழுப்பப்படும் வடிவம். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கிக்கு அந்தத் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் வலு கிடையாது. முதல் தடவை ஒரு பேருந்துப் பயணத்தில் கைப்பேசியை மடியில் வைத்துக் கேட்டபோது, மேலே ஓடிய வேகமான சுரங்கள் மட்டும் காதில் விழுந்தன. அவற்றைத் தாங்கி நின்ற அடிவரி விழவே இல்லை. தூண் தெரியாமல் கூரையை மட்டும் பார்த்தவன் போல, இந்த இசைக்கு ஒழுங்கே இல்லை என்று முடிவு கட்டினேன். காதை மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும். விலை உயர்ந்தது தேவையில்லை.

பாசகாலியாவின் பதிவுகள் பல டிராக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால் இசை அவற்றுக்கிடையே நிற்பதில்லை. ஆகவே செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, டிராக்குகளுக்கு இடையே இடைவெளி விடாமல் ஒலிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். வரிசை மாற்றி ஒலிக்கும் 'ஷஃபிள்' பொத்தான் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இலவசச் சேவைகளில் விளம்பரம் குறுக்கிடும். ஒரு சவப்பாடலின் நடுவே குளிர்பான விளம்பரம் வந்தபிறகு நான் குறுந்தகடு வாங்கினேன்.

தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'புதையல் தீவு' எழுதிய நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனும் இவரும் ஒரே எழுத்துக் கூட்டலைக் கொண்டவர்கள், இருவருக்கும் எடின்பரோ தொடர்பும் உண்டு. குடும்பப் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் நாவலாசிரியர்தான் வந்து நிற்பார். முதற்பெயரையும் 'பாசகாலியா' என்ற சொல்லையும் சேர்த்தே ஆங்கிலத்தில் தேடுங்கள். பெயரில் வருவது 'வி' என்ற எழுத்து, 'பி-எச்' அன்று.

மூன்றாவது, நான்கு சுரங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குவது தகும், ஏனெனில் 80 நிமிட இசையும் இந்த நான்கு சுரங்களிலிருந்தே முளைக்கிறது. வீட்டில் கீபோர்டோ ஹார்மோனியமோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் பியானோ செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் சேர்ந்திருப்பதைக் காண்பீர்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் உள்ள கூட்டத்துக்கு இடையே நிற்கும் வெள்ளைக் கட்டையை முதலில் அழுத்துங்கள். அடுத்து, அதற்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை. மூன்றாவதாக, அந்தக் கூட்டத்துக்கு இடப்பக்கம் முதலில் நிற்கும் வெள்ளைக் கட்டை. நான்காவதாக, அதற்கும் இடப்பக்கத்தில் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை. இந்த நான்கையும் நிதானமாக, சம இடைவெளியில், இடக்கையால் கீழ் ஸ்தாயியில் வாசித்துப் பழகுங்கள்.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதாக அழுத்திய கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், வரும் வரிசை ரி, க, ஸ, நி. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், ஸட்ஜம், பிறகு மந்திர ஸ்தாயியின் காகலி நிஷாதம். கீரவாணியில் இந்த நான்கும் அப்படியே இருக்கின்றன. அதற்காகக் கீரவாணியை எதிர்பார்த்துக் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். இங்கே கமகம் இல்லை, ஒவ்வொரு சுரமும் வெட்டி வைத்த கல்லாக நிற்கும். முதல் சுரத்திலிருந்து அரைச்சுரம் (ஒட்டியிருக்கும் இரு கட்டைகளுக்கு இடையேயான தூரம்) ஏறி, அங்கிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கி, மறுபடி ஓர் அரைச்சுரம் இறங்குகிற அந்த நெருக்கமான வடிவம் காதில் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சுரங்கள் ஒரு மனிதரின் பெயர். ஜெர்மானியர் சுரங்களுக்கு இடும் எழுத்துப் பெயர்களில் இவை டி, எஸ், சி, எச். ரஷ்ய இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச்சின் பெயரை ஜெர்மன் முறையில் எழுதினால் முதற்பெயரின் தலையெழுத்தும் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் சேர்ந்து இதே நான்கெழுத்து வரும். அவர் இதைத் தமது கையொப்பமாகவே பல படைப்புகளில் பதித்தார். ஸ்டாலின் இறந்த 1953ஆம் ஆண்டில் அரங்கேறிய அவருடைய பத்தாவது சிம்பொனியில் அது ஓங்கி ஒலிக்கிறது.

அதே மாலையில் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது நால்வர் இசையின் முதல் நிமிடத்தையாவது கேட்டுவிடுங்கள். 1960 ஜூலையில் டிரெஸ்டன் அருகே மூன்றே நாளில் எழுதப்பட்ட, போருக்கும் பாசிசத்துக்கும் பலியானவர்களுக்கு அர்ப்பணிக்கப்பட்ட படைப்பு அது. செல்லோ தனியாக அந்த நான்கு சுரங்களைத் தொடங்க, வயோலாவும் இரண்டு வயலின்களும் ஒவ்வொன்றாக அதையே எடுத்துக்கொண்டு சேர்கின்றன. சற்று முன் நீங்கள் அழுத்திய கட்டைகள் இவைதான் என்று காது சொல்லிவிட்டால் இந்தப் படி முடிந்தது. சொல்லாவிட்டால் நாளைக்கும் கட்டைகளோடு உட்காருங்கள், அவசரமில்லை.

நான்காவது, அடிவரியைப் பின்தொடரும் பழக்கம்

மேலே எது ஓடினாலும் கீழே திரும்பத் திரும்ப வரும் வரியைக் காது விடாமல் பற்றிக்கொள்ளுவது ஒரு பழக்கம். அதற்கு எளிய பயிற்சி, பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் எழுதிய 'டைடோவும் ஈனியஸும்' என்ற இசை நாடகத்தின் இறுதியில் டைடோ பாடும் புலம்பல். சில நிமிடங்களே நீளும் அந்தப் பாடலில், அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் ஐந்து அளவை (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவை) நீளமுள்ள அடிவரி முதலில் தனியாக வரும். பிறகு அதன்மேல் குரல் வரும். முதல் தடவை குரலைக் கவனிக்காமல் அடிவரியை மட்டும் எண்ணுங்கள், இரண்டாம் தடவை குரலைக் கேளுங்கள். குரலின் வாக்கியம் முடியும் இடமும் அடிவரி முடியும் இடமும் பெரும்பாலும் பொருந்தாமல் போவதைக் கவனித்தால், இந்த வடிவத்தின் இரகசியம் புரிந்துவிடும். கேட்பவர் எந்த இடத்திலும் 'இதோ ஒரு சுற்று முடிந்தது' என்று தளர்ந்துவிடாதபடி இரண்டும் ஒன்றை ஒன்று பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. பர்செலின் சில படைப்புகளை ஸ்டீவன்சனும் பியானோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்.

நேரம் இருந்தால் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்கு எழுதிய சி மைனர் பாசகாலியாவையும் கேளுங்கள். எட்டு அளவை நீளமுள்ள வரியைக் கால்களால் அழுத்தும் கட்டைகளே தனியாகத் தொடங்க, இருபது மாறுபாடுகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு ஃபியூக்கும் (அது என்ன என்பதை எட்டாவது படியில் சொல்கிறேன்) வருகின்றன. ஸ்டீவன்சன் பெரிய அளவில் செய்திருப்பதன் வித்து இதுதான். அவருடைய அடிவரி ஏழு அளவை நீளம். அது நூற்றுக்கணக்கான முறை திரும்புகிறது.

ஐந்தாவது, அவருடைய சிறிய படைப்புகள்

பெரிய படைப்பை மட்டும் கேட்டால் ஸ்டீவன்சன் எப்போதும் மலையையே தூக்கிக்கொண்டிருந்தவர் என்ற தவறான எண்ணம் வரும். அவர் குழந்தைகளுக்காகவும் எழுதினார். 'எ வீன் ட்யூன்ஸ் ஃபார் பேர்ன்ஸ் டே ஸ்பீல்' என்று ஸ்காட்டிஷ் வட்டார மொழியில் பெயரிடப்பட்ட நான்கு சிறு துண்டுகள், பிள்ளைகள் வாசிக்கச் சில மெட்டுகள் என்ற பொருள் கொண்டவை. பியானோ பயிலும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த மூன்று வாரத்தில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பெரியவர்களுக்குப் 'பீட்டர் கிரைம்ஸ் ஃபேன்டசி' பொருந்தும். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய இசை நாடகத்திலிருந்து எடுத்த இசைக் கருக்களைச் சில நிமிடங்களுக்குள் பியானோவில் கொதிக்கவைக்கும் 1971ஆம் ஆண்டுப் படைப்பு அது. ஹியூ மக்டியர்மிட் போன்ற ஸ்காட்டிஷ் கவிஞர்களின் வரிகளுக்கு அவர் இசையமைத்த பாடல்கள் நிறைய உண்டு. பியானோவில் பாட வேண்டும் என்பதே அவருடைய பிடிவாதம். பாடல்களைப் பியானோவுக்கு மாற்றி அவர் எழுதிய தொகுப்புக்கு, பியானோவில் பாடும் புதிய கலை என்றே பிரெஞ்சில் பெயர் வைத்தார். அவரே வாசித்த பதிவுகளைக் கேட்டால், மேல் சுரம் தனித்து நின்று பாட, மற்றவை பெடலின் மூட்டத்தில் பின்வாங்கி நிற்பதை உணரலாம்.

மார்ச் 6 அன்று, அதாவது பிறந்த நாளில், இந்தச் சிறிய படைப்புகளில் தொடங்குவதே முறை.

ஆறாவது, பாசகாலியாவின் முதல் பகுதி

1960 டிசம்பரில் தொடங்கி 1962 மே மாதத்தில் ஸ்டீவன்சன் இதை எழுதி முடித்தார். அதே 1962இல் எடின்பரோ விழாவுக்கு ஷோஸ்டகோவிச் வந்திருந்தபோது, கவிஞர் மக்டியர்மிட் உடனிருக்க, படைப்பின் பிரதி ஒன்று அவரிடமே வழங்கப்பட்டது. முதல் அரங்கேற்றம் 1963 டிசம்பர் 10 அன்று கேப் டவுனில் நடந்தது, வாசித்தவர் ஸ்டீவன்சனே. 1966இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் பியானோ கலைஞர் ஜான் ஆக்டன் அதை வாசித்தார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி பியானோ போட்டியில் சோவியத் கலைஞர் அஷ்கெனாசியுடன் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

படைப்பு மூன்று பெரும் பகுதிகளைக் கொண்டது. லத்தீன் மொழியில் பார்ஸ் ப்ரீமா, பார்ஸ் ஆல்டெரா, பார்ஸ் டெர்சியா என்று பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில், அரை மணி நேரம் ஒதுக்கி, முதலில் கேட்டுவிடுங்கள். பகுதிப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்று தொடங்கும்போதும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் வழி தவறாது. இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தனமாகத் தோன்றினாலும் எனக்கு மிகவும் உதவியது.

முதல் பகுதியில் சொனாட்டா வடிவிலான (கருக்களை முன்வைத்து, வளர்த்து, மீண்டும் அவற்றுக்கே திரும்பும்) தொடக்கம், ஒரு வால்ட்ஸ், பிறகு சராபாந்த், ஜிக், மினுவெட், கவோட், பொலொனேஸ் எனப் பழைய நடனங்களின் வரிசை ஆகியவை வருகின்றன. நடனங்கள் மிக விரைவாகக் கடந்து போகும். அவற்றை ஒவ்வொன்றாக இனங்காண முயன்று களைத்துப்போக வேண்டாம். அடிவரியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

ஆனால் நடனங்களுக்குப் பின் வரும் 'பீப்ராக்' என்ற இடத்தில் கட்டாயம் நின்றுவிடுங்கள். பீப்ராக் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பேக்பைப்பில் தனியாக வாசிக்கப்படும் பெரிய இசை வடிவம். ஸ்டீவன்சன் இங்கே எடுத்துக்கொள்வது 'குழந்தைகளுக்கான புலம்பல்' என்ற பழைய மெட்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாட்ரிக் மோர் மக்ரிம்மன் என்ற பேக்பைப் கலைஞர், தம் எட்டு மகன்களில் எழுவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு இதை இயற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பீப்ராக்கில் முதலில் மெதுவாக ஒலிக்கும் மெட்டுக்குக் கேலிக் மொழியில் 'ஊர்லர்' என்று பெயர். அச்சொல்லுக்குத் தரை என்பது பொருள். அந்தத் தரையின்மேல்தான் அணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். பாசகாலியாவின் அடிவரியையும் ஆங்கிலத்தில் நிலம் என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். ஐரோப்பிய அரசவைகளின் வடிவமும் மலைநாட்டுப் பேக்பைப்காரர்களின் வடிவமும் ஒரே தரையில் நிற்பவை என்பதை ஸ்டீவன்சன் கண்டுகொண்டார். ரஷ்யரின் நான்கு சுரங்கள் கீழே நகர, மேலே ஸ்காட்டிஷ் தகப்பனின் அழுகை பேக்பைப்பின் அலங்காரச் சுரங்களோடு பியானோவில் எழும் அந்தச் சில நிமிடங்களை, ஒரே நாளில் மூன்று தடவை கேட்டாலும் மிகையாகாது. அதற்கு முன் உண்மையான பேக்பைப்பில் அந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

ஏழாவது, இரண்டாவது பகுதி

இங்கே இசை வீட்டைவிட்டு உலகத்துக்குள் போகிறது. எச்சரிக்கை முழக்கமும் போரின் காட்சியும் வருகின்றன. 1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சி முழக்கமான 'அமைதி, ரொட்டி, நிலம்' என்பதன்மீது மாறுபாடுகள் வருகின்றன. ஸ்பெயினின் ஃபான்டாங்கோ நடனம் வருகிறது. 'எழுந்துவரும் ஆப்பிரிக்காவுக்கு' என்று தலைப்பிடப்பட்ட பகுதியில், நம் தம்பூராவின் ஸட்ஜம்போல் ஒரே தாழ்ந்த சுரம் நிலைத்து நிற்க, முரசு முழங்குவதுபோன்ற தாளம் எழுகிறது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனார். ஸ்டீவன்சனும் இசைத்தாளில் ஓரிடத்தில் 'ககாரினுக்குரிய வெளி உணர்வோடு' வாசிக்கும்படி இத்தாலியச் சொற்களில் குறிப்பெழுதினார். அன்றைய செய்தித்தாள் பியானோவின் இசைத்தாளுக்குள் நுழைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இந்தப் பகுதியில்தான் புதியவர் பெரும்பாலும் களைப்படைகிறார். ஒலி பெருகுகிறது, காட்சிகள் அடுத்தடுத்து மாறுகின்றன. முழக்கத் தலைப்புகள் சில இன்று கேட்கையில் சற்று வெளிப்படையாகத் தோன்றுகின்றன என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதில் குற்றமொன்றுமில்லை.

எட்டாவது, மூன்றாவது பகுதியும் மூன்று பெயர்களும்

பாக்குக்கு அஞ்சலியாக ஒரு நிதானமான பகுதியோடு தொடங்கும் இந்த இறுதிப் பகுதியின் நடுநாயகம், அடிவரியின்மேல் எழுப்பப்படும் மூன்று கருக்கள் கொண்ட ஃபியூக். ஃபியூக் என்பது ஒருவர் பாடத் தொடங்கிய வரியை அடுத்தவர் வேறு சுருதியில் எடுத்துக்கொள்ள, முதலாமவர் நிறுத்தாமல் வேறொன்றைப் பாடிக்கொண்டே போக, இப்படிக் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பின்னிக்கொள்ளும் வடிவம். பியானோவில் பத்து விரல்களே அத்தனை குரல்களும்.

இதற்குள் போகுமுன் மறுபடி கட்டைகளோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஜெர்மன் எழுத்துப் பெயர்களில் பாக் என்ற பெயரையும் வாசிக்க முடியும். பி, ஏ, சி, எச் என்ற அந்த நான்கும் நம் கணக்கில் கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், ஸட்ஜம், காகலி நிஷாதம். ஷோஸ்டகோவிச்சின் பெயரும் 'சி, எச்' என்றே முடிகிறது, பாக்கின் பெயரும் அப்படியே முடிகிறது. நம் சொல்லில் இரண்டுக்கும் வால் 'ஸ, நி'. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரு நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த இருவரின் பெயர்கள் ஒரே இரண்டு கட்டைகளில் வந்து முடிவதை விரலே உணரும். ஸ்டீவன்சன் ஃபியூக்கின் இரண்டாவது கருவாகப் பாக்கின் பெயரை வைத்ததன் பொருத்தம் அப்போது விளங்கும்.

மூன்றாவது கரு, இறந்தோருக்கான கத்தோலிக்கச் சடங்கில் பாடப்பட்டுவந்த 'டீயெஸ் ஈரே' என்ற இடைக்காலப் பாடலின் மெட்டு. அதன் தொடக்கத்தை நம் ஸட்ஜத்திலிருந்து வாசித்தால் ஸ, நி, ஸ, த என வரும். அரைச்சுரம் இறங்கி, அதே அரைச்சுரம் ஏறி, மூன்று அரைச்சுரம் சரிகிறது. ஷோஸ்டகோவிச்சின் பெயரில் இருந்த அதே அரைச்சுரமும் அதே சரிவும் இங்கே இடம் மாறி இருக்கின்றன. இந்த மெட்டு நுழையும் இடத்தில்தான் அறுபது இலட்சம் பேரின் நினைவாக என்று ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். இவ்விடத்தில் ஒலியின் அளவை முன்கூட்டியே சற்றுக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு இது தேவைப்படும். அதன்பின் வரும் இறுதி மாறுபாடுகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுகிறேன், அவற்றை முன்னறிவிப்பின்றிக் கேட்பதே நல்லது.

ஒன்பதாவது, மார்ச் 28

இந்த நாளில் முழுப் படைப்பையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டும். இரவு உணவுக்குப்பின் என்றால் தூக்கம் வந்துவிடும். மாலை ஆறு மணி பொருத்தமான நேரம். நண்பர்களைக் கூட்டுவதானால் நான்கைந்து பேர் போதும். தொடங்குமுன் கீபோர்டில் ரி, க, ஸ, நி என்ற வரியை ஒருவர் இரண்டு மூன்று தடவை வாசித்துக் காட்டட்டும். அந்த ஒரு நிமிடம், நீண்ட அறிமுகப் பேச்சு செய்ய முடியாததைச் செய்துவிடும். ஸ்டீவன்சனின் வாழ்க்கையைச் சொல்வதானால் அதையும் தொடங்குமுன்னரே முடித்துவிடுங்கள். நடுவில் தேநீர் வேண்டாம். அடிவரி ஒரு தடவை அறுந்தால் மறுபடி பிடிப்பது கடினம்.

எந்தப் பதிவைத் தேர்ந்தெடுப்பது? புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இகோர் லெவிட் வாசித்து 2021இல் சோனி நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு. ஒலிப்பதிவு தெளிவானது; அடிவரி எங்கேயும் மறைவதில்லை. அதோடு ஷோஸ்டகோவிச்சின் 24 முகப்பிசைகளும் ஃபியூக்குகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ரேமண்ட் கிளார்க், மரே மக்லாக்லன், ஜேம்ஸ் வில்ஷயர் ஆகியோரின் பதிவுகளும் உள்ளன. ஆக்டன் 1960களில் செய்த பதிவில் வேகமும் ஆபத்தும் அதிகம், அது இரண்டாம் ஆண்டுக்கு உரியது.

பியானோ வாசிக்கத் தெரிந்தவர்கள் இசைத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை வெளியிட்டது. பின்னர் அவருடைய படைப்புகள் பலவற்றை எடின்பரோவில் உருவான ரொனால்ட் ஸ்டீவன்சன் சங்கம் பதிப்பித்தது. ஆனால் முதல் தடவை இசைத்தாளைப் பார்க்காமலே கேளுங்கள். கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டால், காது கீழே கைவிட்டுப்போன அந்த நான்கு சுரங்களைத் தேடி எடுக்க நேரமாகும்.

ஸ்டீவன்சனே வாசித்த பதிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் வெறும் நூறு பிரதிகள் மட்டும் வெளியான இசைத்தட்டில் அவர் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். பின்னாளில் மீண்டும் வாசித்துப் பதிவு செய்த வடிவமும் உண்டு. லெவிட்டைக் கேட்டுப் பழகிய காதோடு அவரிடம் போனால், பீப்ராக் வரும் இடத்தில் மற்றவர்கள் அலங்காரச் சுரங்களை மின்னவைப்பதையும், அவர் அவற்றைப் பேக்பைப்காரரின் விரல்போல வெடுக்கென்று தட்டிவிட்டு மெட்டுக்கே திரும்பிவிடுவதையும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.